பழைய லப்டொப்பில் வீடியோ வெட்டுகிறவர்களுக்கு

தை மாசி வந்தால் வன்னியில் எந்தப் பள்ளிக்கூட மைதானத்திலும் விளையாட்டுப் போட்டியின் இல்லக் கொடிகள்தான். அணிநடை போகும்போது யாரோ ஒரு ரீச்சர் போனை உயர்த்திப் பிடித்தபடி பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பார். பிறகு பங்குனியில் புளியம்பொக்கணைக் கோயில் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், இடையிடையே சாமத்திய வீடு, கலியாணம், பிறந்தநாள். எடுத்ததையெல்லாம் யாராவது வெட்டி ஒட்ட வேண்டும். அப்போது எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, காசில்லாத எடிட்டிங் சொப்ட்வெயரில எது திறம்?"

எங்கள் பக்கம் காசு கொடுத்து எடிட்டிங் மென்பொருள் வாங்கிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அடோபி நிறுவனம் 2013 இல் சந்தா முறைக்கு மாறியது. மாதம் மாதம் டொலரில் கட்டுகிற நிலையில் இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆகவே அவர்களுடைய எடிட்டரான பிரீமியர் எங்களுக்குப் பென்ட்ரைவில்தான் வரும். லப்டொப்பைத் திருத்தக் கொடுத்தால் வின்டோஸோடு சேர்த்து அதையும் ஏற்றித் தருவார்கள், கேட்காமலேயே. எல்லாமே சும்மா கிடைக்கிற ஊரில் உண்மையான இலவச மென்பொருளைத் தேடிப் போக என்ன அவசியம் என்று பெடியள் கேட்பதும் நியாயம்தான்.

என் பதில் இது. கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, ஏற்றுவதற்கான குறிப்பில் முதல் வரியே "அன்ரிவைரஸை நிறுத்து" என்றுதான் இருக்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வேலையே தொடங்குகிறது. ஸ்டொப் டிஜேவு என்று கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் குடும்பம் ஒன்று உண்டு. அது பரவியதே பெரும்பாலும் கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான். ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் புரியாத நாலெழுத்து ஒட்டிக்கொள்ளும். படமும் திறக்காது, வீடியோவும் திறக்காது. காசு கட்டச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் திறக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோக்காரரின் ஒரு பருவத்துக் கலியாணங்கள் முழுக்க அப்படிப் போயின. இடப்பெயர்வில் அல்பத்தையும் கசெற்றையும் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். 2009 க்கு முந்திய கலியாண வீடியோ கையில் இருக்கிற வீட்டை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியான இடத்தில் ஒரு பென்ட்ரைவை நம்பி அடுத்த தலைமுறையின் வீடியோவையும் இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, எது திறம்? நான் இரண்டு விஷயம் கேட்பேன். உங்களுக்கு உண்மையில் என்ன வேலை? உங்களிடம் இருப்பது என்ன லப்டொப்? மென்பொருளின் பெயர் அதற்குப் பிறகுதான்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எடிட்டிங்கே தேவையில்லை. முன்னாலும் பின்னாலும் வெட்ட வேண்டும், நடுவில் ஒரு துண்டை எடுத்தெறிய வேண்டும், மிச்சத்தை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியப்பா விடிய விடிய நடந்த கோவலன் கூத்தை ஸ்டாண்டில் கமராவை வைத்து முழுக்க எடுத்திருந்தார். கமரா அதைத் துண்டு துண்டாகச் சேமித்திருந்தது. பழைய வகை மெமரி கார்டுகளில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் கமராவே அப்படிப் பிரித்துவிடும். இடையில் தேத்தண்ணி குடித்த நேரம், மைக் பழுதாகி நின்ற நேரம், யாரோ ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று அறிவித்த நேரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். இதைச் சாதாரண எடிட்டரில் போட்டால் அத்தனை மணி நேரப் படத்தையும் அது முதலிலிருந்து புதிதாகச் சுருக்கி எழுதும். பழைய லப்டொப்பில் அதுவும் இன்னொரு விடிய விடியக் கூத்தாகிவிடும்.

இதற்கென்றே லொஸ்லெஸ்கட் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. அது படத்தைத் தொடாது. தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டையும் குறித்துக் கொடுத்தால் அந்தப் பகுதியை அப்படியே நகல் எடுத்துத் தரும். நேரம் ஹார்ட் டிஸ்க் எழுதும் வேகத்தைப் பொறுத்தது மட்டுமே. தரமும் ஒரு துளி குறையாது. ஒரேயொரு கட்டுப்பாடு. சுருக்கப்பட்ட வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படமாக இருப்பதில்லை. இடைக்கிடை ஒரு முழுப் படம் இருக்கும், அதைக் கீபிரேம் என்பார்கள். நடுவில் உள்ளவை முந்திய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். ஆகவே நகல் முறையில் வெட்டும்போது தொடக்கம் ஒரு கீபிரேமில்தான் விழும். ரயிலில் வருகிறவர் பரந்தனில் இறங்கலாம், கிளிநொச்சியில் இறங்கலாம், தன் வீடு கரடிப்போக்கில் என்பதற்காக நடுவில் இறங்க முடியாது, அந்த மாதிரி. போன் வீடியோவில் கீபிரேம்கள் அடிக்கடி வருவதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கூத்துக்கு அது தாராளம். ஒட்டும்போது மட்டும் எல்லாத் துண்டும் ஒரே கமராவில், ஒரே அமைப்பில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒன்று போனிலும் மற்றது கமராவிலும் எடுத்ததென்றால் ஒட்டாது. ஒட்டினாலும் பாதியில் படம் குழம்பும்.

விளையாட்டுப் போட்டிக்கு அது போதாது. இல்லத்தின் பெயர் போட வேண்டும், வென்ற பிள்ளையின் பெயர் வர வேண்டும், காற்றிரைச்சலைக் குறைத்துப் பின்னணி இசை கொடுக்க வேண்டும். இங்கேதான் முழு எடிட்டர் தேவை, இங்கேதான் லப்டொப்பின் பிரச்சினையும் வரும். என்னிடம் வருவது பெரும்பாலும் ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். வெளிநாட்டு மாமா பழையதைத் துடைத்து அனுப்பியது, அல்லது அக்கா கம்பஸ் முடித்துவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தது.

இந்த வகை லப்டொப்புக்கு நான் ஏற்றிக் கொடுப்பது ஷொட்கட். திறந்த மூல மென்பொருள், வீடியோவில் எந்த முத்திரையும் ஒட்டாது, கணக்குத் திறக்கச் சொல்லாது, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். டேட்டா போட்டு வாழ்கிறவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது பெரிய விஷயம். அவர்களே சொல்லும் அளவு: சாதாரணத் தரத்துக்கு 4 ஜிபி ராம், எச்டிக்கு 8, 4 கேக்கு 16. அதாவது 4 ஜிபி லப்டொப்பில் போனின் 1080 பி வீடியோவைப் போட்டால் திக்கித் திக்கித்தான் ஓடும். அதற்கு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் புரொக்சி என்ற ஒன்றை இயக்கினால், ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்த தரத்தில் ஒரு சின்ன நகலைத் தானே செய்துகொள்ளும். நீங்கள் வெட்டுவதெல்லாம் அந்த நகலில். கடைசியில் வெளியே எடுக்கும்போது மூலக் கோப்பிலிருந்து முழுத் தரத்தில் எழுதிவிடும். நகல் தயாராகும்வரை ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தால், அதே லப்டொப் வேறு லப்டொப் போல ஓடும். இதைக் காட்டிக் கொடுத்த பிறகு புது லப்டொப் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஷொட்கட்டில் குறை இல்லாமல் இல்லை. முதல் தடவை திறந்தால் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனே தெரியாது, மேலே இருக்கிற பொத்தானை அழுத்தி வரவழைக்க வேண்டும். ஒரு காட்சியிலிருந்து மற்றதுக்கு மெதுவாக மாற்ற வேண்டுமென்றால் அதற்குப் பட்டியல் தேடாதீர்கள். ஒரு துண்டை இழுத்து மற்றதின் மேல் கொஞ்சம் ஏற்றினால் அதுவே மாறும். தெரிந்துவிட்டால் இதைவிட இலகு இல்லை, தெரியாதவர் அரை நாள் தேடுவார்.

கேடன்லைவ் இதற்கு அண்ணன். 2002 இல் தொடங்கிய திட்டம். உள்ளே ஓடுவது இரண்டிலும் எம்எல்டி என்ற ஒரே இயந்திரம்தான். வசதிகள் கூட, பொத்தான்களும் கூட. நாலைந்து வீடியோவுக்கு மேல் செய்யப் போகிறவர், பல அடுக்குகளில் படம் வைக்கிறவர் இதைப் பழகினால் நட்டமில்லை. புரொக்சி இதிலும் உண்டு. ஓப்பன்ஷொட் மூன்றிலும் பார்க்க இலகுவானது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கூடத் தானாகப் பிடித்துக்கொள்ளும். நீளமான வேலையில் அது இடையில் மூடிக்கொண்டதைப் பல தடவை பார்த்துவிட்டதால், பிறந்தநாள் வாழ்த்து அளவுக்கு மேல் நான் அதை நம்புவதில்லை.

டாவின்சி ரிசோல்வ் பற்றி யூடியூப்பில் எல்லோரும் புகழ்கிறார்கள், அது உண்மையும்தான். சினிமாவுக்கு நிறம் திருத்துகிற இயந்திரமாக லட்சக்கணக்கான டொலருக்கு விற்கப்பட்ட சாமான் அது. அவுஸ்திரேலியாவின் பிளக்மஜிக் நிறுவனம் 2009 இல் அதை வாங்கி, பிறகு இலவசப் பதிப்பும் விட்டது. முத்திரை இல்லை, 4 கே வரை வெளியே எடுக்கலாம், 295 டொலர் கொடுத்தால்தான் முழுப் பதிப்பு என்றாலும் எங்கள் வேலைக்கு இலவசப் பதிப்பே மிச்சம். ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் வேண்டும். கேம் விளையாடவென்று வாங்கிய புது லப்டொப் வீட்டில் இருந்தால் தாராளமாக ஏற்றுங்கள். மாமா அனுப்பிய லப்டொப்பில் ஏற்றினால் அதன் முகப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, வின்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்ததால் பழைய லப்டொப்பை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: லினக்ஸில் ரிசோல்வின் இலவசப் பதிப்பு எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவைத் திறக்காது. போனில் எடுப்பது பெரும்பாலும் அந்த வகைதான். லினக்ஸென்றால் கேடன்லைவ், யோசிக்கவே வேண்டாம்.

மைக்ரோசொப்டின் பழைய இலவச எடிட்டரான மூவி மேக்கரை இன்னும் கேட்கிறார்கள், முக்கியமாகப் பள்ளிக்கூடங்களில். அவர்கள் அதை 2017 சனவரியில் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டிலேயே அந்தப் பெயரில் போலி மென்பொருள் பரவி, சேமிக்கும் நேரத்தில் காசு கேட்பதாக அன்ரிவைரஸ் செய்யும் ஈசெட் நிறுவனம் எச்சரித்தது. கூகிளில் தேடி இறக்காதீர்கள். வின்டோஸ் 11 இல் அதற்குப் பதிலாகக் கிளிப்சம்ப் இருக்கிறது, 1080 பி வரை இலவசம், சின்ன வேலைக்குப் பரவாயில்லை.

போனிலேயே முடிக்கிறவர்களுக்குக் கப்கட் தெரியாமல் இருக்காது. ஒரு நிமிட வீடியோவுக்கு அதன் வேகத்தோடு மற்றது எதுவும் போட்டி போட முடியாது, நானும் பாவிக்கிறேன். ஆனால் நேற்று இலவசமாக இருந்த வசதி இன்று காசு கட்டும் புரோ ஆகிவிடும். அதன் சொந்தக்காரரான பைட்டான்ஸின் டிக்டொக் 2025 சனவரியில் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டபோது கப்கட்டும் சேர்ந்து நின்றுபோனது. பாதியில் வைத்த வேலை எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மூலையில் பெயர் ஒட்டுகிறவை வேறு. கைன்மாஸ்டர், பில்மோரா இரண்டும் காசு கட்டாவிட்டால் தங்கள் முத்திரையோடுதான் வீடியோவைத் தரும். எதையும் புதிதாக ஏற்றினால் முதலில் பத்து செக்கன் துண்டு ஒன்றைப் போட்டு, வெட்டி, வெளியே எடுத்துப் பாருங்கள். முத்திரை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், இரவு முழுக்க வேலை செய்துவிட்டு விடியக்காலையில் தெரிய வேண்டியதில்லை.

இனித் தமிழ் எழுத்து. ஆங்கிலத்தில் எழுதுகிற எந்த ஒப்பீட்டிலும் இதைச் சொல்ல மாட்டார்கள், எங்களுக்கோ பாதித் தலையிடி இதில்தான். எடிட்டரில் எழுத்துப் பெட்டியைத் திறந்து "கிளிநொச்சி" என்று எழுதிப் பாருங்கள். "நொ" என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு நகரத்துக்கு முன்னால் வர வேண்டும், அரவு பின்னால் வர வேண்டும். தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், சில வேளை புள்ளி வட்டம் ஒன்றும் கூட வரும். அடுத்து "முல்லைத்தீவு" என்று போட்டு "லை" யையும் "தீ" யையும் பாருங்கள். இரண்டு ஊரும் சரியாக வந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாக வரும். ஒரு நிமிட வேலை. பிள்ளையின் பெயரைப் பிழையாகப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிய பிறகு தாயின் முகத்தைப் பார்ப்பதைவிட இது மேல்.

பாமினியில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல். பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை எழுத்துரு இல்லை. உள்ளே ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் வேடம். உங்கள் லப்டொப்பில் அழகாகத் தெரிந்தது, பாமினி இல்லாத வேறு லப்டொப்பில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். கலியாண அட்டை அடிக்கிற கடைக்காரர் கொடுத்த பெயர்ப் பட்டியல் அநேகமாக பாமினியில்தான் இருக்கும், அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டே எடிட்டருக்குள் கொண்டுபோங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், திரையில் தெளிவாகத் தெரியும்.

எடிட்டர் கோக்க மறுத்தால் அதோடு சண்டை பிடிக்க வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து, வீடியோவுக்கு மேலுள்ள தடத்தில் வையுங்கள். அதில் தமிழ் குழம்பாது. ஒரே அளவில் ஒரு தலைப்புச் செய்துவிட்டால், ஓட்டத்தில் முதலாமிடம், நீளம் பாய்தலில் முதலாமிடம் என்று பெயரை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். நான் எழுத்து ஒழுங்காக வருகிற எடிட்டரிலும் இப்படித்தான் செய்கிறேன். பெயர்களை ரீச்சரிடம் படமாகவே அனுப்பித் திருத்தம் கேட்டுக்கொள்ள முடிகிறது.

"படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகுது" என்பதும் அடிக்கடி வரும் முறைப்பாடு. தொடக்கத்தில் சரியாக இருக்கும், பத்து நிமிடம் போனால் அதிபர் வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருப்பார். மென்பொருளில் பிழை இல்லை. போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஒரு செக்கனுக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும். எடிட்டர்கள் அது மாறாமல் ஒரே அளவில் இருக்குமென்று எதிர்பார்க்கின்றன. ஷொட்கட் அப்படியான கோப்பைக் கண்டால் மாற்றித் தரவா என்று தானே கேட்கும், ஆம் என்று விடுங்கள். மற்ற எடிட்டரென்றால் முதலில் ஹான்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றியில் போட்டு, மாறாத பிரேம் வேகத்தைத் தெரிவுசெய்து, புதிதாக எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இடம் வேண்டும். 1080 பியில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 130 எம்பி வரும், இரண்டு மணி நேர விளையாட்டுப் போட்டி 15 ஜிபியைத் தாண்டும். அதை முதலில் பென்ட்ரைவிலிருந்து லப்டொப்புக்கு மாற்றிவிட்டே எடிட்டரில் திறக்க வேண்டும். எடிட்டர் சேமிக்கிற புரொஜெக்ட் கோப்பில் வீடியோ இருக்காது, வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். பென்ட்ரைவைக் கழற்றினாலோ, இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்தாலோ அடுத்த நாள் டைம்லைன் வெறுமையாக நிற்கும். வெளியே எடுத்த பிறகும் மூலத்தை இன்னொரு டிஸ்க்கில் போட்டு, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள்.

வெளியே எடுக்கும்போது 1080 பிக்கு யூடியூப் சொல்லும் அளவு செக்கனுக்கு 8 மெகாபிட். பத்து நிமிட வீடியோ 600 எம்பி. 720 பியில் 5 மெகாபிட் என்றால் 375 எம்பி. போனில் பார்க்கிறவருக்கு 720 பி போதும், டேட்டாவும் மிச்சம். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பாட்டுக்கு இன்னும் சுருக்கி, பிள்ளைகளின் முகத்தைக் களிமண் ஆக்கிவிடும். டொக்கியுமென்ட் என்பதைத் தெரிவுசெய்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மா அதைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பார்.

யூடியூப்பில் ஏற்றுகிறவர்கள் சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், உரிமைக் கோரல் வந்து ஒலியை முடக்கும், அல்லது விளம்பரக் காசு வேறொருவருக்குப் போகும். யூடியூப்பின் சொந்த ஒலி நூலகத்தில் இலவச இசை இருக்கிறது. கோயில் திருவிழாவென்றால் அதுவும் வேண்டாம். அங்கே எடுத்த மேளத்தையும் நாதஸ்வரத்தையும் அப்படியே விடுங்கள். வித்துவான் சினிமாப் பாட்டு வாசிக்கத் தொடங்குகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக வெட்டுங்கள்.